வெள்ளிப் பாசி வளர்க்க வருகிறவர்களுக்கு

போன்சாய் தொட்டிக்கு மேலே விரிக்கப் பாசி வேண்டும், கொடைக்கானலில் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள் இப்போது நிறைய. கையில் பெரிய பை இருக்கும், பார்வை சோலைக்காட்டுப் பக்கம் இருக்கும். அவர்களை வாசல் படிக்கட்டில் குனிந்து பார்க்கச் சொல்வேன். கல்லும் கல்லும் சேரும் இடுக்கில் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடும். தொடக்கக்காரர்களுக்கு அதுதான் சரியான பாசி. தாவரவியலில் பிரையம் அர்ஜென்டியம் என்பார்கள். நாம் வெள்ளிப் பாசி என்று வைத்துக்கொள்வோம்.

இதை வளர்க்கத் தெரியாமல் கெடுப்பவர்களைவிட, அளவுக்கு மீறிக் கவனித்துக் கொல்பவர்கள்தான் அதிகம். கீழே சொல்லியிருப்பதில் பாதி அதற்காக.

1. முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். அது இல்லாமல் பாசி பக்கம் வராதீர்கள். வெள்ளிப் பாசியின் தண்டு பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட உயராது. காய்ந்திருக்கும்போது இலைகள் ஒன்றின்மேல் ஒன்று இறுக்கமாகப் படிந்து, ஒவ்வொரு தண்டும் திரித்த நூல் போல உருண்டையாகத் தெரியும். இலையின் மேல்பாதியில் பச்சையம் கிடையாது, கண்ணாடியாக இருக்கும். வெள்ளி நிறம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு லென்ஸை எடுக்காமல் பாருங்கள். வெள்ளி மங்கும், அடியிலிருக்கும் பச்சை மேலே வரும். இதைப் பார்த்தபின் வேறு பாசியோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

அதே இடத்தில் ஹையோபிலா என்ற இன்னொரு பாசியும் இருக்கலாம். அது காய்ந்தால் இலையோரம் உள்பக்கமாகச் சுருண்டு கருத்துப்போகும், நனைந்தால் விரிந்து பச்சையாகும். அதுவும் வளர்க்க நல்ல பாசிதான், ஆனால் வெள்ளி வராது. மழைக்காலத்தில் முற்றத்தில் காலை வழுக்கிவிடும் கறுப்புப் படலம் இந்தச் சாதியே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதில் இலையும் இருக்காது, தண்டும் இருக்காது.

2. காட்டில் தேடாதீர்கள். மனிதக் கால் படும் இடத்தில்தான் வெள்ளிப் பாசி அதிகம். சிமென்ட் விரிசல், நடைபாதைக் கல்லின் இடுக்கு, சாக்கடை ஓரத்து இறுகிய மண், விளக்குக் கம்பத்தின் அடி, பழைய ஓட்டுக் கூரை, பேருந்து நிலையத்து மதில் எல்லாம் அதன் இடங்கள். உலகத்தில் அது இல்லாத கண்டம் இல்லை, அண்டார்டிகாவிலும் உண்டு. மற்றப் பாசிகள் தாங்காத மிதியையும், நாயும் பறவையும் விட்டுப்போகும் நைட்ரஜனையும் அது தாங்கும். ஒடிந்த தண்டு நுனி செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் முளைத்துவிடும். அமெரிக்காவில் கோல்ஃப் மைதானம் பராமரிப்பவர்கள் இதை ஒழிக்க மருந்தடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அளவுக்கு முரட்டுச் செடியை நீங்கள் கைக்குழந்தையாக நடத்தினால் எப்படி?

சோலைமரத்துப் பாசியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒதுக்கப்பட்ட காட்டிலிருந்து அதைப் பெயர்த்து எடுப்பது குற்றம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும் என்பீர்களானால் இன்னொரு காரணமும் உண்டு. மூடுபனியில் நனைந்தே வளர்ந்த பாசி அது. மதுரையிலோ திருச்சியிலோ உங்கள் பால்கனியில் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. மரத்தில் அந்த மெத்தை உருவாகப் பல வருடம் ஆகியிருக்கும். உங்களிடம் அது பழுப்பாகச் சில வாரம் போதும்.

3. எடுப்பது காய்ந்த நாளில். உங்கள் வீட்டு மதில், இல்லாவிட்டால் கேட்டு எடுக்கக்கூடிய இடம். கோயில் கல்லையும் கல்வெட்டையும் சுரண்டக் கூடாது; அங்கே பாசியை எடுப்பதும் விடுவதும் அவற்றைப் பராமரிக்கும் துறையின் வேலை. பெயின்ட்டர்கள் பட்டி பார்க்கும் தகடு இதற்குப் போதும். சுவரோடு ஒட்டச் சாய்த்துத் தள்ளினால் பாசி சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். இருப்பதில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மீதி அந்த இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும்.

எடுத்ததைச் செய்தித்தாளில் மடித்து, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் காய்ந்து கிடந்தால் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மெக்கானிக் பட்டறைச் சுவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காற்றில் வரும் ஈயம், துத்தநாகம் போன்றவற்றைப் பாசி உடம்பில் சேர்த்துக்கொள்ளும். நகரத்துக் காற்றிலுள்ள உலோகத்தை அளக்க ஆய்வாளர்கள் இதே வெள்ளிப் பாசியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

4. இதற்கு வேர் கிடையாது. அடியில் தெரியும் பழுப்பு இழைகள் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். தண்ணீரும் உப்பும் இலை வழியாகவே உள்ளே போகின்றன. நடுநரம்பைத் தவிர்த்தால் அந்த இலையின் கனம் ஒரே ஒரு செல். வடிகட்ட மண் இல்லை, தடுக்கத் தோல் இல்லை. நீங்கள் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்களோ அதுதான் பாசியின் உடம்பு.

அதனால்தான் போர்வெல் தண்ணீர் வேண்டாம் என்கிறேன். எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பாருங்கள். வெள்ளை வளையம் படிகிறதா? அதே வளையம் தினமும் பாசியின் இலைமேல் படிகிறது. இரண்டே மாதத்தில் நுனியெல்லாம் சுண்ணாம்பு அடித்ததாகிவிடும். அதை வெள்ளி நிறம் வந்துவிட்டது என்று சந்தோஷமாகப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். விரல் நுனியால் தடவினால் நறநறக்கும், அது உப்பு.

மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள், ஒரு குடம் பல வாரம் வரும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு, அவசரத்துக்கு ஆகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைத் தொடவே தொடாதீர்கள். வீட்டுத் தண்ணீரிலேயே உப்பு அதிகமான பங்கு அதுதான்.

5. வெயில் கொடுங்கள். பாசி என்றாலே இருட்டும் ஈரமும் என்று எல்லோரும் நம்புகிறோம். பல பாசிகளுக்கு அது உண்மைதான். வெள்ளிப் பாசிக்குப் பொருந்தாது. திறந்தவெளியில் வளர்வது அதன் இயல்பு. நிழலில் வைத்தால் சாகாது, ஆனால் தண்டு நீண்டு, இலைகள் தளர்ந்து, வெறும் பச்சையாகிவிடும். பிறகு வெள்ளி போய்விட்டதே என்று என்னிடம் வருவீர்கள். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமாவது படவேண்டும். கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து மேசைமேல் வைக்கும் அலங்காரம் இதற்கு ஆகாது. அந்த ஆசை இருந்தால் வேறு பாசியைத் தேடுங்கள்.

6. காயவிடுங்கள். எல்லா அறிவுரையிலும் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. காய்ந்த வெள்ளிப் பாசி செத்த பாசி இல்லை. தண்ணீர் போனதும் உள்வேலையையெல்லாம் நிறுத்திவிட்டுக் கிடக்கும். நனைந்தால் சில நிமிடத்தில் மறுபடி தொடங்கும். காய்வதும் நனைவதும் அதன் வாழ்க்கைமுறை.

ஆனால் ஒவ்வொரு முறை நனையும்போதும் காய்ந்ததால் ஏற்பட்ட சேதத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். அதற்குச் சேமிப்பிலிருந்துதான் செலவு. அதன்பிறகு பல மணி நேரம் ஈரமாக இருந்து வெளிச்சத்தில் உணவு தயாரித்தால்தான் செலவு ஈடாகும். நீங்கள் போகிறபோக்கில் இரண்டு தடவை ஸ்பிரே அடிக்கிறீர்கள், அரை மணியில் காய்ந்துபோகிறது. செலவு உண்டு, வரவு இல்லை. இப்படி நாளுக்கு நாலு முறை அன்பாக ஸ்பிரே அடித்தே பட்டினி போட்டுக் கொல்லலாம். தண்ணீர் விட்டால் விடியற்காலையில் தட்டு முழுதும் ஊறும்படி விடுங்கள். இல்லையென்றால் விடாதீர்கள்.

கோடையில் சமவெளியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. காய்ந்த பாசி தாங்கும் சூட்டை நனைந்த பாசி தாங்காது. சித்திரை, வைகாசி உச்சிவெயிலில் தட்டு காய்ந்துகிடந்தால் கிடக்கட்டும். பாவம் என்று பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் தெளித்தால் அவிந்துபோகும்.

7. அடிமண். வளமான மண் வேண்டாம். மண்புழு உரம் போட்டால் களையும் பூஞ்சையும் வளரும். தேங்காய் நார்த்தூள் ஈரத்தை விடாது. செங்கல்லை உடைத்துச் சலித்த பொடி, நைசான மணல், கொஞ்சம் தோட்டத்து மண் மூன்றும் கலந்து, அடியில் துளையுள்ள மண்தட்டில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டு, பலகைத்துண்டால் அழுத்தி இறுக்குங்கள். பொலபொலவென்ற மண்ணில் இந்தப் பாசி நிற்காது. பழைய சுவரிலிருந்து உதிர்ந்த காரை கலந்தாலும் தவறில்லை, சுண்ணாம்பு இதற்குப் பகையில்லை.

8. விதைப்பு. காய்ந்த பாசியை மண்ணோடு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பொடியாக்குங்கள். பாசியின் எந்தத் துண்டிலிருந்தும் புதுச் செடி கிளம்பக்கூடும். பெரிய கண் சல்லடையில் சலித்தால் கல் நிற்கும், துண்டுகள் விழும். தட்டின் மண்ணை முன்பே நனைத்துவைத்து, பொடியை மெல்லியதாகத் தூவி, உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலே மண் போட்டு மூடக் கூடாது. இரண்டு தீப்பெட்டி அளவுப் பாசி ஒரு சாப்பாட்டுத் தட்டின் பரப்புக்குக் காணும்.

முதல் சில வாரம் மட்டும் காயவிடக் கூடாது. பெரிய செடிக்குச் சொன்ன விதி முளைக்குப் பொருந்தாது. மேலே கண்ணாடியைச் சற்றுத் தூக்கி வைத்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்காலம் உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும். மலையில் இருப்பவர்கள் புரட்டாசிக் கடைசியில், சமவெளிக்காரர்கள் ஐப்பசியில் தூவலாம். இங்கே மார்கழி உறைபனி பற்றிப் பயம் வேண்டாம், அண்டார்டிகாவில் இருக்கும் செடி.

9. பச்சைப் படலத்தைக் கழுவிவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் மண்மேல் பச்சையாக மெல்லிய இழைகள் படரும். வழுக்குப் படலம் வந்துவிட்டது என்று பிரஷ் போட்டுத் தேய்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் முடிந்துபோகிறார்கள். பாசி அப்படித்தான் பிறக்கும். முதலில் இழை, பிறகு அந்த இழையில் மொட்டு, மொட்டிலிருந்து இலைத்தண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இழை கிளைபிரிந்து நேராக ஓடுவது தெரியும். தொட்டால் கொழகொழவென்று வருவதுதான் வேண்டாத படலம், அதை மட்டும் வழித்தெடுங்கள். இலைத்தண்டு தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். தட்டு நிறைய இன்னும் இரண்டு மாதம். தண்டு தெரிந்ததும் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சிறிது சிறிதாக வெயிலுக்கு நகர்த்துங்கள்.

10. மோர் ஊற்றாதீர்கள். பாசியை மோரிலோ தயிரிலோ அரைத்துச் சுவரில் பூசினால் வளரும் என்று வெளிநாட்டுத் தோட்டக்காரர்களிடமிருந்து வந்த ஒரு வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் வெயிலில் முதலில் வளர்வது பூஞ்சை, அடுத்து வருவது எறும்பு. மோரைக் குடித்துவிடுங்கள்.

11. பக்கத்துத் தொட்டிக்குப் போடும் மருந்தைக் கவனியுங்கள். எலுமிச்சை இலை வெளிறினால் அன்னபேதி கரைத்து ஊற்றுகிறோம். அந்த இரும்பு உப்பு பாசியைக் கறுக்கவைத்துக் கொல்லும். புல்தரையில் பாசியை ஒழிக்க அதையேதான் போடுகிறார்கள். போர்டோ கலவையிலும் காப்பர் ஆக்ஸிகுளோரைடிலும் உள்ள செம்பும் அப்படியே. ரோஜாவுக்குத் தெளிக்கும் நாளில் பாசித்தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

12. தவிட்டுக்குருவியும் மைனாவும் புழு தேடித் தட்டைப் புரட்டிப்போடும். கோழிவலைத் துண்டு ஒன்றை வளைத்து மேலே வைத்தால் போதும். கீழாநெல்லி முளைத்தால் சின்னதிலேயே சாமணத்தால் பிடுங்குங்கள், வளரவிட்டுப் பிடுங்கினால் ஒரு பிடி பாசியும் கூட வரும்.

13. போன்சாய்க்காரர்களுக்கு. ஜப்பானில் இந்தப் பாசிக்கு கின்கோக்கே என்று பெயர். போன்சாய் தொட்டிகளில் விரிக்க அவர்கள் விரும்பி எடுக்கும் பாசிகளில் இதுவும் ஒன்று. குட்டையாக இருப்பதால் மரம் பெரிதாகத் தெரியும், தண்ணீர் ஊற்றும்போது மண் கரையாது. மரத்தின் சாப்பாட்டை இது பறிக்காது, வேர் இருந்தால்தானே பறிக்க.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. அடிமரத்தைச் சுற்றி ஒரு விரல்கடை இடம் விடுங்கள். பட்டைமேல் ஏறி ஈரம் காத்தால் பட்டை அழுகும். பாசியின் நிறத்தைப் பார்த்து மரத்துக்குத் தண்ணீர் முடிவுசெய்யவும் கூடாது. மேலே பாசி காய்ந்து வெளுத்திருக்கும்போது அடியில் மண் சொதசொதவென்று இருக்கலாம், மேலே நனைந்திருக்கும்போது அடி வறண்டிருக்கலாம். ஒரு மூலையில் பாசியை விலக்கி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். தொட்டி முழுவதும் மெத்தையாக மூடுவதும் எனக்குப் பிடிக்காது. நல்ல வேரோட்டமுள்ள ஆலமரத்தை வைத்துக்கொண்டு வேரைப் பாசியால் மறைப்பவரை என்ன சொல்ல?

14. சின்னப் பூச்சியைக் கொல்லாதீர்கள். தட்டை நனைத்ததும் வெள்ளையாகத் துள்ளும் குட்டிப் பூச்சிகளைப் பார்ப்பீர்கள். வால்தெறிப்பான்கள் என்று சொல்வதுண்டு. பார்த்தவுடன் பூச்சிமருந்தைத் தேடாதீர்கள், அவை பாசிக்கு வேண்டியவை.

வெள்ளிப் பாசியில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆணின் விந்து நீந்தித்தான் பெண்ணை அடைய வேண்டும். அதனால் ஈரம் தொடர்ந்திருந்தால் மட்டுமே கரு உருவாகும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்தப் பாசியையே எடுத்து, ஆணையும் பெண்ணையும் ஒட்டவைத்தும், இரண்டு, நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வைத்தும் பார்த்தார்கள். வெறுமனே வைத்ததில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தவை மட்டும் காய்த்தன. வால்தெறிப்பான்களையும் சிற்றுண்ணிகளையும் விட்ட தட்டுகளில் இடைவெளி இருந்தும் காய்த்தது. பூச்சிகள் விந்தைச் சுமந்துபோயிருக்கின்றன. 2006இல் சயின்ஸ் இதழில் வந்த செய்தி இது. பாசிக்கும் தேனீ வேலை செய்ய ஆள் உண்டு என்று அதுவரை யாரும் பரிசோதித்துக் காட்டியிருக்கவில்லை.

உங்கள் தட்டு ஒரே இடத்துப் பாசியிலிருந்து வந்திருந்தால் எல்லாம் ஒரே பாலாக இருக்கலாம். காய் பார்க்க ஆசையென்றால் வெவ்வேறு மதில்களிலிருந்து எடுத்ததைக் கலந்து தூவுங்கள். காய்த்தால், சிவந்த காம்பு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீண்டு நுனியில் வளைந்து, கருஞ்சிவப்புக் காய் தலைகீழாகத் தொங்கும். காய்க்காவிட்டாலும் குறையில்லை. இலைக் கக்கத்தில் வரும் சிறு மொட்டுகள் உதிர்ந்தே இனம் பெருகும்.

15. பழையவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பாசியின் ஆண் உறுப்பையும் பெண் உறுப்பையும் நுண்ணோக்கியில் பிரித்துக் காட்டிய யோஹான் ஹெட்விக் தொழிலால் மருத்துவர். அவர் இறந்தபின் 1801இல் வெளிவந்த நூலிலிருந்துதான் பாசிகளுக்கான அறிவியல் பெயர்க் கணக்கே தொடங்குகிறது. வெள்ளிப் பாசியின் பெயரும் அங்கிருந்து வருவதுதான். நம் பக்கத்தில், செண்பகனூரில் இருந்த ஜார்ஜ் ஃபொரோ அடிகளார் பழனிமலைப் பாசிகளைத் திரட்டி 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பட்டியலாக வெளியிட்டார். இந்த மலையில் பாசி பார்க்கிற யாரும் அவர் பட்டியலைத் தாண்டிப் போக முடியாது.

16. விலைக்கு வாங்காதீர்கள். மூட்டையில் வரும் பச்சை மெத்தைப் பாசி பெரும்பாலும் ஏதோ ஒரு காட்டு மரத்திலிருந்து உரித்ததாகத்தான் இருக்கும். விற்பவர் நர்சரிப் பாசி என்றால், வளர்க்கும் தட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லையென்றால் வந்துவிடுங்கள். சமவெளியில் வெள்ளிப் பாசி கண்ணில் படாவிட்டால் உங்கள் மதிலில் இருக்கும் ஹையோபிலாவையே எடுத்துத் தொடங்குங்கள். விதைக்கும் முறை இதேதான். இந்த ஐப்பசி மழைக்கு ஒரே ஒரு தட்டு மட்டும் தூவுங்கள். மாசியில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டாவது தட்டைப் பற்றி அப்போது பேசலாம்.